ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

புதிய கம்ப்யூட்டர் வாங்கி, முதன்முதலாக ஸ்விட்சைப் போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். திரையில் வரிசையாகக் கேள்விகள் வந்திருக்கும். எந்த நாடு? எந்த மொழி? கீபோர்டு எந்த வகை? உங்கள் பெயர் என்ன? மொபைல் எண் என்ன? அந்த எண்ணுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே டைப் செய்யவும். நீங்களும் பதில் சொல்லி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கிளிக் செய்துகொண்டே போயிருப்பீர்கள். பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் உங்களுடையதாகிவிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தை ஒருவரால் தாண்டவே முடியாவிட்டால் என்ன ஆகும்? அவருக்குக் கம்ப்யூட்டர் இருந்தும் இல்லை. இன்டர்நெட் வந்தும் வரவில்லை. பழங்குடி மக்களுக்கு இன்டர்நெட் வசதியைக் கொண்டு சேர்ப்பது பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். டவர், கேபிள், இலவச டேப்லட் என்று கணக்கு சொல்கிறோம். இவை எல்லாம் தேவைதான். ஆனால் இவற்றைக் கொடுத்த பிறகும் கதவு பூட்டியே இருக்கலாம் என்பதை நான் என் தொழிலிலேயே, என் தவறாலேயே தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் எழுதிய படிவம்

நான் பொறியியல் படித்துவிட்டு, கோவையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இன்டர்நெட்டில் நிரப்பும் விண்ணப்பப் படிவங்களை உருவாக்குவதுதான் என் முக்கிய வேலை. 2023-ல் ஓர் அறக்கட்டளைக்காக, பழங்குடி மாணவர்கள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் படிவம் ஒன்றை எழுதினேன். அலுவலகத்தில் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது. நான்கு நிமிடத்தில் நிரப்பி முடித்துவிடலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை மாதம் கூடலூர் பக்கம் ஒரு பணியர் குடியிருப்பில் விண்ணப்ப முகாம் நடந்தது. பணியர் என்பவர்கள் நீலகிரியிலும் அதை ஒட்டிய வயநாட்டிலும் வாழும் பழங்குடியினர். தமிழ்நாட்டில் மத்திய அரசு தனிக் கவனத்துக்குரியவை என்று வகைப்படுத்தியுள்ள ஆறு பழங்குடிகளில் இவர்களும் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் ஆகியோர் மற்ற ஐவர். படிவத்தை எழுதியவன் என்ற முறையில் நானும் லேப்டாப்புடன் போனேன். நல்ல மழை. 38 மாணவர்கள் வந்திருந்தார்கள்.

முதல் சிக்கல் சிக்னல். குடியிருப்பில் ஒரு கோடுகூட வரவில்லை. ஜீப்பில் ஏறிச் சற்றுத் தூரம் போய், சாலை வளைவில் நின்றால் இரண்டு கோடு வந்தது. ஆகவே படிவத்தை வளைவில் நின்று நிரப்புவது என்று முடிவானது. மாணவர்களை நான்கு நான்கு பேராக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம்.

இரண்டாவது சிக்கல் பெயர். என் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டுமே கட்டாயம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். இந்தத் தொல்லை உங்களுக்கும் தெரிந்ததுதான். இனிஷியலோடு வாழும் தமிழர்கள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது விழிப்பதும் இதனால்தான். அங்கே வந்த பல தாய்மார்களுக்கு ஒரே பெயர். இனிஷியலும் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே பெயரை இரண்டு கட்டத்திலும் டைப் செய்தேன்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல், ஓடிபி. ஒரே ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ரகசிய எண்ணைத்தான் இப்படிச் சொல்கிறோம். மொபைலுக்கு வரும் அந்த எண்ணை டைப் செய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஐந்து நிமிடம் கெடு வைத்திருந்தேன். ஆனால் பல வீடுகளில் ஒரே போன். அந்தப் போனும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போன அப்பாவிடமோ மாமாவிடமோ இருந்தது. வளைவில் நின்றுகொண்டு குடகுக்குப் போன் போட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கா பாருங்க" என்று கேட்டு, அவர் அதை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிட்டது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் தினமும் எச்சரிக்கின்றன. என் படிவமோ அதைச் சத்தம் போட்டுச் சொல்லவைத்தது.

மாலை நெருங்கியது. 11 மாணவர்களுக்கு எந்த எண்ணும் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர்களுக்கு என் மொபைல் எண்ணையே கொடுத்துவிட்டேன். ஒரு மொபைல் எண்ணுக்கு ஒரு விண்ணப்பம்தான் என்ற விதியை நானே புரோகிராமில் வைத்திருந்தேன். அன்று இரவு கூடலூர் லாட்ஜில் உட்கார்ந்து அந்த விதியை நானே எடுத்துவிட்டு, கையில் இருந்த விவரங்களை வைத்து 11 விண்ணப்பங்களையும் முடித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியோடு கோவைக்குத் திரும்பினேன்.

என் போனில் கிடந்த செய்தி

செப்டம்பரில் அறக்கட்டளையின் கம்ப்யூட்டரிலிருந்து தானாக ஓர் எஸ்எம்எஸ் என் எண்ணுக்கு வந்தது. இந்த எண்ணுள்ள விண்ணப்பத்துடன் இணைத்த வங்கிப் பாஸ்புக் நகல் தெளிவாக இல்லை, பத்து நாட்களுக்குள் மீண்டும் அனுப்பவும் என்பதே செய்தி. பெயர் இல்லை, விண்ணப்ப எண் மட்டும்தான். அப்போது வேறொரு வேலையை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் இருந்தேன். கடன் வேண்டுமா, வீடு வேண்டுமா என்று வரும் விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அதுவும் கிடந்தது. நான் பார்த்தது பன்னிரண்டாம் நாள். விண்ணப்பம் அதற்குள் தானாகவே நிராகரிக்கப்பட்டிருந்தது. பத்து நாள் தாண்டினால் நிராகரி என்ற வரியையும் நான்தான் எழுதியிருந்தேன்.

அந்த விண்ணப்பம் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிப்பில் சேர இருந்த ஒரு மாணவியுடையது. அறக்கட்டளையிடம் பேசிப் பார்த்தேன். பணம் ஒதுக்கி முடித்துவிட்டோம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். விதிப்படி அது சரிதான். அந்த மாணவி அந்த வருடம் அம்மாவுடன் தேயிலைத் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போனாள்.

நேரில் சொல்ல வேண்டும் என்று நவம்பரில் மறுபடியும் போனேன். அந்த அம்மா கோபப்படவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சாரே, அந்த மெசேஜ் எங்களுக்கு வந்ததா, உங்களுக்கு வந்ததா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒருவருக்காக நாமே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, சாவியை நம் பையில் போட்டுக்கொண்டு வருவது அவருக்கு இன்டர்நெட்டைக் கொடுத்ததாகாது. அவருடைய எண்ணில், அவருடைய பெயரில், அவருக்குப் புரியும் மொழியில், அவர் அனுமதியோடு நடக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கதவு பாதிதான் திறக்கும்.

டவர் வந்தால் போதுமா?

டவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளைவில் மழையில் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டான். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அவர்களிலும் பலர் மலைச்சரிவுகளில், காட்டோரங்களில் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். நாற்பது வீடுகளுக்கு ஒரு டவர் போட்டால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. காட்டுக்குள் கேபிள் போடவும் மின்சாரம் கொண்டு போகவும் வனத்துறை அனுமதி வேண்டும். எனவே இந்த வேலை அரசுப் பணத்தில்தான் நடக்கும்.

நடக்கவும் செய்கிறது. 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டு செல்ல 2022 ஜூலையில் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2023 நவம்பரில் பி.எம். ஜன்மன் என்ற திட்டம், நலிந்த நிலையில் உள்ள 75 பழங்குடிகளுக்காகத் தொடங்கப்பட்டது. 24,104 கோடி ரூபாய் மதிப்புள்ள இத்திட்டத்தில் வீடு, சாலை, குடிநீர் ஆகியவற்றோடு மொபைல் டவரும் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆனால் என் முகாமுக்கே வருவோம். அந்தக் குடியிருப்பில் அன்று ஐந்து கோடு சிக்னல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜீப் பயணம் மிச்சமாகியிருக்கும். பெயர்க் கட்டம் அப்படியேதான் இருந்திருக்கும். போன் குடகில்தான் இருந்திருக்கும். எஸ்எம்எஸ் என் போனுக்குத்தான் வந்திருக்கும். டவர் பாதையைப் போடுகிறது. கதவைச் செய்வது என்னைப் போல சாப்ட்வேர் எழுதுகிறவர்கள். அந்தக் கதவு யார் அளவுக்குச் செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி.

எழுத்து இருந்தும் இடம் இல்லை

இனி மொழியைப் பார்ப்போம். பழைய தமிழ் பைலைத் திறந்தால் கட்டம் கட்டமாக, கிறுக்கலாக வந்த அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும். திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் டைப் செய்த காலம் அது. எந்த எழுத்துருவில் டைப் செய்தார்களோ அது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் படிக்க முடியாது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிலையான எண் தரும் யூனிகோட் முறை பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-ல் வெளியான முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது.

சந்தாலி மொழிக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 2008-ல் வந்த 5.1 பதிப்பில்தான். ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களில் பழங்குடி மக்கள் பேசும் மொழி இது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இதைப் பேசுகிறவர்கள் 73 லட்சத்துக்கு மேல். ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியைச் சேர்ந்த பண்டிட் ரகுநாத் முர்மு 1925-ல் இம்மொழிக்கென்று ஓல் சிக்கி என்ற எழுத்தை உருவாக்கினார். 30 எழுத்துகள். 2003-ல் நிறைவேறிய 92-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலும் சந்தாலி சேர்ந்தது. ஆனாலும் தமிழுக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்க 17 வருடம் ஆனது.

இடம் கிடைத்த பிறகு என்ன நடந்தது என்பது முக்கியம். சந்தாலி பேசுகிறவர்களே உட்கார்ந்து கட்டுரைகளை டைப் செய்தார்கள். 2018 ஆகஸ்ட் மாதம் ஓல் சிக்கி எழுத்திலேயே சந்தாலி விக்கிபீடியா தொடங்கியது. 2024 ஜூனில் கூகுள் தன் மொழிபெயர்ப்பு வசதியில் புதிதாகச் சேர்த்த 110 மொழிகளில் சந்தாலியும் ஒன்று. மத்திய பழங்குடியினர் நலத்துறை 2025-ல் ஆதி வாணி என்ற மொழிபெயர்ப்புச் செயலியைச் சோதனைப் பதிப்பாக வெளியிட்டது. அதில் சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி மொழிகள் உள்ளன.

பேசுகிறவர் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் கம்ப்யூட்டரில் இடம் தானாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் மொழியைப் பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். சிக்வோயா என்பவர் 1821-ல் முடித்துத் தந்த அவர்களுடைய எழுத்து 1999-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. 2010-ல் ஐபோனில் வந்தது. 2012-ல் விண்டோஸ் 8-க்கு செரோக்கி மொழி முகப்பே வெளியானது. செரோக்கி மக்களின் சொந்த நிர்வாகத்தில் மொழிக்கென்று ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கம்பெனிகளோடு நேரடியாக உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பதே காரணம். வேறு யாரோ அவர்களுக்காகச் செய்து கொடுக்கவில்லை.

ஓல் சிக்கி எழுத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இப்போது பார்க்கலாம். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ளவர்கள் ஸ்டார்ட் மெனுவில் கேரக்டர் மேப் என்ற புரோகிராமைத் தேடித் திறந்திடுங்கள். மேலே உள்ள ஃபாண்ட் பட்டியலில் நிர்மலா யுஐ என்பதைத் தேர்வு செய்திடுங்கள். கீழே அட்வான்ஸ்டு வியூ என்ற இடத்தில் டிக் செய்தால் கோ டு யூனிகோட் என்ற கட்டம் வரும். அதில் 1, ஆங்கில சி, 5, 0 ஆகிய நான்கையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்திடுங்கள். ஓல் சிக்கியின் பூஜ்யம் தெரியும். அடுத்து மற்ற எண்களும் எழுத்துகளும் வரிசையாக நிற்கும். பிறகு அதே கட்டத்தில் 0, ஆங்கில பி, 8, 5 என்று டைப் செய்து பாருங்கள். நம்முடைய அ வந்து நிற்கும். இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே அட்டவணையில் இருக்கின்றன.

எழுத்தே இல்லாத மொழிக்கு?

எழுத்து உள்ள மொழிக்கு இந்த வழி சரி. பணியர் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. தோடர் மொழிக்கும் கிடையாது. தோடர் மொழியில் உள்ள பல ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் பாதி ஒலி காணாமல் போய்விடும். இவர்களிடம் போய், முதலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள், அப்புறம் இன்டர்நெட்டுக்கு வா என்பது நியாயமா? குரலிலிருந்தே தொடங்கலாமே!

இதைச் செய்து காட்டியது சிஜிநெட் ஸ்வரா. பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010-ல் சத்தீஸ்கரில் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பெங்களூர் ஆராய்ச்சிப் பிரிவினர் தொழில்நுட்ப உதவி செய்தார்கள். இதற்கு ஸ்மார்ட் போன் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். சாதாரண பட்டன் போனிலிருந்து ஓர் எண்ணை அழைக்க வேண்டும். உங்கள் செய்தியைப் பதிவு செய்ய 1, மற்றவர்கள் சொன்னதைக் கேட்க 2. அவ்வளவுதான். எங்கள் ஊர் அடிபம்பு வேலை செய்யவில்லை, நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்று கோண்டியிலேயே பேசிப் பதிவு செய்தார்கள். வந்த செய்தி சரிபார்க்கப்பட்டு, மற்றவர்கள் கேட்கும்படி வைக்கப்பட்டது. பல குறைகள் அப்படித்தான் அதிகாரிகள் காதுக்குப் போய்ச் சேர்ந்தன.

கோண்டி சிறிய மொழி அல்ல. 2011 கணக்குப்படி 29 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். ஆனால் ஆறேழு மாநிலங்களில் சிதறி இருப்பதால் ஓரிடத்தில் தேவநாகரி, இன்னோரிடத்தில் தெலுங்கு என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய சொந்த எழுத்துகளான மசராம் கோண்டி 2017-லும், குஞ்சல கோண்டி 2018-லும்தான் யூனிகோடில் சேர்ந்தன. அதுவரை யாரும் காத்திருக்கவில்லை. குரல் முந்திக்கொண்டது.

நமக்குப் பக்கத்திலேயும் உதாரணம் இருக்கிறது. கூடலூருக்கு அடுத்த வயநாட்டில் 2009-ல் தொடங்கிய ரேடியோ மாற்றொலி என்ற சமூக வானொலி, பழங்குடி மக்களின் மொழிகளிலும் நிகழ்ச்சிகளைத் தந்து வந்திருக்கிறது. குரல் வழி என்றால் பழைய காலத்து வழி என்று நினைத்துவிடாதீர்கள். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகம் செய்த யுபிஐ 123பே முறையில், பட்டன் போனிலிருந்து ஓர் எண்ணை அழைத்துப் பணமே அனுப்பலாம். பணத்தை அனுப்ப முடியும்போது ஒரு பாஸ்புக் நகல் சரியில்லை என்ற தகவலைக் குரலில் சொல்ல முடியாதா?

குரல் யாருக்குச் சொந்தம்?

குரல் என்றதும் இன்னொரு கேள்வி வருகிறது. மனிதர் பேச்சைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு மணிக்கணக்கான ஒலிப்பதிவுகள் தேவை. அதனால் சிறிய மொழிகளின் குரல் பதிவுகளுக்கு இப்போது மதிப்பு கூடிவிட்டது. முகாமுக்கு வரும் ஒருவர் செல்போனை நீட்டி, பாட்டி, ஒரு பாட்டு பாடுங்க என்று பதிவு செய்துகொண்டு போய்விடலாம்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். வடக்கே கைத்தாயா என்ற ஊரில் மாவோரி இனக் குழுக்கள் நடத்தும் வானொலி நிலையம் தே ஹிகு மீடியா. 2018-ல் அவர்கள் தங்கள் மக்களிடம், நம் மொழியைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத் தருவோம், வந்து வாசியுங்கள் என்று அழைப்பு விடுத்தார்கள். பத்து நாட்களில் சுமார் 2,500 பேர் வாசித்து 310 மணி நேரப் பதிவு சேர்ந்தது. அதை வைத்து மாவோரிப் பேச்சை எழுத்தாக்கும் புரோகிராமை அவர்களே உருவாக்கினார்கள். அந்தப் பதிவுகளை வெளிக் கம்பெனிகளுக்கு விற்க மறுத்துவிட்டார்கள். காப்பாளராக இருந்து பொறுப்போடு பார்த்துக்கொள்வது என்ற மாவோரிக் கருத்தின் பெயரிலேயே ஓர் உரிமமும் எழுதி வைத்திருக்கிறார்கள். பதிவு எங்களுடையது, மக்களுக்குப் பயன்படும் காரியத்துக்கு மட்டும், எங்கள் அனுமதியோடு என்பதே அதன் சாரம்.

அந்த அம்மா கேட்ட கேள்வியும் இதே ரகம்தான். எங்களுக்கு வந்ததா, உங்களுக்கு வந்ததா?

நான் என்ன மாற்றினேன்?

அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு முன் அதே படிவத்தைத் திருத்தி எழுத அனுமதி வாங்கினேன். இந்த முறை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. குடியிருப்பிலேயே கல்லூரிக்குப் போன மூன்று பேரோடு இரண்டு நாள் பேசினேன். அவர்கள் சொன்னதை அப்படியே செய்தேன்.

பெயருக்கு இரண்டு கட்டம் போய் ஒரே கட்டம் ஆனது. ஒரு சொல்லாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பினால் விவரம் போனிலேயே பத்திரமாக இருக்கும். சிக்னல் வரும் இடத்துக்குப் போனதும் தானாகப் போய்ச் சேரும். ஜீப்பும் வளைவும் தேவையில்லை.

ஓடிபி கட்டாயம் இல்லை. போன் இல்லாதவருக்கு விண்ணப்ப எண்ணும் பெயரும் அச்சிட்ட சீட்டு கையில் கொடுக்கப்படும். விண்ணப்பதாரர் எண், உதவி செய்தவர் எண் என்று தனித்தனிக் கட்டம் வைத்தேன். உதவி செய்தவர் எண்ணை விண்ணப்பதாரர் எண்ணாகப் போட இனி வழியில்லை.

குறை இருந்தால் எஸ்எம்எஸ் மட்டும் போகாது. குரல் அழைப்பும் போகும். தமிழிலும் பணியர் மொழியிலும் அந்த ஊர்ப் பெண் ஒருவர் பேசிப் பதிவு செய்து கொடுத்தார். அந்தக் குரலை இந்தப் படிவத்துக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று எழுதிக் கொடுத்தோம்.

கடைசி மாற்றம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். செய்தி அனுப்பிய நாளிலிருந்து பத்து நாள் என்ற விதியை எடுத்துவிட்டேன். செய்தி கிடைத்தது என்று விண்ணப்பதாரர் ஒரு பட்டனை அழுத்தியோ, ஊரில் உள்ள ஒருவர் மூலமோ உறுதி செய்த பிறகுதான் நாள் எண்ணத் தொடங்கும். உறுதி வராவிட்டால் அறக்கட்டளையிலிருந்து ஒருவர் நேரில் விசாரிக்க வேண்டும்.

இதெல்லாம் செய்ய ஆன வேலை எத்தனை நாள் தெரியுமா? ஒன்பது நாள். முதலிலேயே செய்திருந்தால் அந்த மாணவிக்கு ஒரு வருடம் போயிருக்காது. செய்ய முடியாததால் நான் செய்யாமல் விடவில்லை. அவர்களைக் கேட்க வேண்டும் என்று தோன்றாததால்தான் விட்டேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் உதவி கேட்டு வருவது வழக்கம். மின் கட்டணம் கட்ட, பென்ஷன் பார்க்க, பிள்ளைக்கு விண்ணப்பம் போட என்று வருவார்கள். வருகிறவர் பழங்குடியினராக இருக்கலாம், படிக்காத பக்கத்து வீட்டுப் பாட்டியாகவும் இருக்கலாம். சில விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் மொபைல் எண்ணையோ இமெயில் முகவரியையோ அவருடையதாகக் கொடுக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால், இந்த எண்ணுக்குத்தான் தகவல் வரும் என்று அவரிடம் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் போனிலும் அவர் பெயரோடு குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை பாருங்கள்.

பாஸ்வேர்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அதை உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்க வேண்டாம். பிரவுசர் சேமிக்கலாமா என்று கேட்டால் நெவர் என்பதை அழுத்திடுங்கள்.

விண்ணப்ப எண் உள்ள பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். பிரிண்டர் இல்லையா? பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

திரையை அவர் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துச் சொல்லி, அவர் சொல்லும் பதிலை டைப் செய்திடுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். முடிந்தால் கடைசி பட்டனை அவரையே கிளிக் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை அவருக்கு நீங்கள் தேவைப்படாமலே போகலாம்.

அந்த மாணவி 2024-ல் மறுபடியும் விண்ணப்பித்தாள். உதவித்தொகை கிடைத்தது, நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு அனுப்பும் தகவல் இப்போது அவள் போனுக்கே போகிறது. எனக்கு வருவதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.